நாக்குல வெள்ளை போகவே மாட்டேங்குதா? மொதல்ல ஒரு ஸ்பூன் எடுங்க

காலைல பல்லு விளக்கி நாக்கையும் வழிச்சுட்டு கண்ணாடில பாத்தா பளிச்சுன்னு இருக்கும், பத்து மணி ஆகறதுக்குள்ள மறுபடியும் தோசைக்கல்லுல மாவு ஊத்தின மாதிரி வெள்ளையா படிஞ்சு நிக்கும். எனக்கு இது நாலு மாசம் இருந்துச்சு. நான் சேலம் கன்னங்குறிச்சில இருந்து தினமும் ஏற்காட்டுக்கு பஸ்ல போய் ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதறவ, கீழ வேர்த்து ஊத்தும், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேல போனா பனி மூஞ்சில அடிக்கும், அதுல மூச்சு இழுப்பு வந்து, அதுக்கு மருந்து எடுத்து, அங்க இருந்து நாக்குக்கு வந்து சேந்த கதை அது. அந்தக் கதைய இப்பவே சொல்லல, சொன்னா படிக்கற பாதி பேரு "நமக்கும் இதேதான்"னு முடிவு பண்ணி மெடிக்கல் ஷாப்புக்குக் கெளம்பிடுவீங்க. நாக்குல வெள்ளை படியறதுக்கு ஒரே காரணம்னு ஒண்ணு கிடையாதுங்க. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற, ஒண்ணுக்கு நல்லது இன்னொண்ணுக்கு கெடுதலாக்கூட போயிடும்.

அதனால வரிசையா போவோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

இந்த வெள்ளை என்னதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். நாக்கு மேல்பக்கம் வழவழன்னு இருக்கற தோல் இல்ல, நல்லா பாத்தீங்கன்னா துண்டுல இருக்கற நூல் மாதிரி குட்டிக்குட்டியா முளை முளையா இருக்கும், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஒசரம். அதோட நுனில இருக்கறது கெராட்டின், நம்ம நகத்துலயும் முடிலயும் இருக்கறதே தான். நகம் வளர்ற மாதிரி இதுவும் வளரும், ஆனா நாம முறுக்கு, கடலை, காய்னு மென்னு திங்கறப்ப உரசி உரசி தேயும், எச்சில் கழுவி விட்டுரும். தேயறது கொறைஞ்சாலும் எச்சில் கொறைஞ்சாலும் இந்த நூலு நீளமாகும், நடுவுல செத்த செல்லு, கிருமி, சோத்துத் துணுக்கு எல்லாம் மாட்டிக்கும். அதான் வெள்ளை. காய்ச்சல்ல நாலு நாள் வெறும் கஞ்சி குடிச்சுட்டு வாயத் தொறந்து படுத்திருந்தா நாக்கு மாவு பூசின மாதிரி ஆயிடுதே, ஏன்னு இப்பப் புரியும். மெல்றதும் இல்ல, எச்சிலும் இல்ல.

இன்னொண்ணு, சுத்தமான நாக்குன்னா செக்கச்செவேல்னு இருக்கணும்னு நெனைக்காதீங்க. வெளிர் சிவப்பா, மேல லேசா வெள்ளைப் படலம், பின்பக்கம் போகப்போக அது கொஞ்சம் கூட. அதான் நார்மல். எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா அந்த லேசான படலத்தயும் விடமாட்டேன்னு தினமும் ரத்தம் வர்ற வரைக்கும் வழிப்பாங்க, அப்புறம் காரம் சாப்ட முடியலன்னு பொலம்புவாங்க. வழவழன்னு செவந்து போன நாக்கு ஆரோக்கியம் இல்லங்க, இரும்புச்சத்தோ பி12ஓ கொறைஞ்சாலும் அப்படி மொழுக்குன்னு ஆகும்.

மொதல் வேலை: பாக்கறது

காலைல எழுந்ததும், காபிக்கு முன்னாடி, பல்லு விளக்கறதுக்கும் முன்னாடி, ஜன்னல் வெளிச்சத்துல நின்னு நாக்க முழுசா வெளிய நீட்டி போன்ல ஒரு போட்டோ. அப்புறம் நாக்க இடதுபக்கம் தள்ளி ஒண்ணு, வலதுபக்கம் தள்ளி ஒண்ணு. ஓரத்தையும் பாக்கணும், ஏன்னா பயப்படவேண்டிய விஷயம் நெறைய ஓரத்துலதான் வரும். மூணு நாளைக்கு ஒரு தடவை எடுத்து வச்சுக்கிட்டா போதும். ட்யூப்லைட் வெளிச்சத்துல எடுத்தா எல்லாருக்கும் நாக்கு பேய்க்கு இருக்கற மாதிரிதான் தெரியும், அத நம்பாதீங்க. முந்தின நாள் சாயந்திரம் தட்டுவடை செட் (ரெண்டு குட்டித் தட்டைக்கு நடுவுல காய்த் துருவலும் சட்னியும் வச்சுத் தர்றது) சாப்டீங்களான்னும் யோசிங்க, அந்த பீட்ரூட் துருவலும் சட்னியும் ஏற்கனவே படிஞ்சிருக்கற வெள்ளைல ஏறிக்கிட்டா நாக்கு பாக்கவே பயமா இருக்கும். நான் ஒருக்கா ரத்தம்னு நெனைச்சு அலறியிருக்கேன்.

ரெண்டாவது: ஸ்பூன் டெஸ்ட்

ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன், சுடுதண்ணில கழுவுனது. கவுத்துப் புடிச்சு, ஓங்கரிப்பு வராத அளவுக்கு உள்ள வச்சு, மெதுவா முன்னாடி இழுங்க. ரெண்டு தடவை போதும், அழுத்தவேண்டாம். இப்ப ஸ்பூனையும் பாருங்க, நாக்கையும் பாருங்க. மூணுல ஒண்ணு நடந்திருக்கும்: வெள்ளை வழுவழுன்னு ஸ்பூனுக்கு வந்து அடில நாக்கு சாதாரணமா இருக்கும், இல்ல தயிர்க்கட்டி மாதிரி பிஞ்சு வந்து அடில செவந்து எரியும் சில சமயம் ரத்தம் கசியும், இல்ல எத்தன தடவை இழுத்தாலும் வெள்ளை அங்கயே இருக்கும்.

ஸ்பூன்ல வந்தத ஒரு நிமிஷம் காயவிட்டு மோந்தும் பாருங்க. அழுகுன முட்டை மாதிரி அடிச்சா வாய் நாத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. நாக்கோட பின்பக்கத்துல காத்து படாத எடத்துல இருக்கற கிருமிங்க கந்தக வாயு விடும், வாய் நாத்தம் பெரும்பாலும் அங்கயும் ஈறுலயும் தான் பொறக்குது, வயித்துல இல்ல.

சுலபமா வருதுன்னா

பத்துல பல பேருக்கு இதுதான். பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வழிச்சுக்கிட்டே இருந்தாலும் திரும்பத் திரும்ப வருதுன்னா எங்கயோ வாய் காயுதுன்னு அர்த்தம். எங்கன்னு கண்டுபிடிக்கணும்.

தண்ணியில இருந்து ஆரம்பிங்க. நான் காலைல ஏழரை மணி பஸ்ஸுக்கு வீட்ட விட்டு கெளம்பினா ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு மொடக்கு தண்ணி குடிக்க மாட்டேன், ஏன்னு பொம்பளைங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நடு மலைல பாத்ரூமுக்கு எங்க போறது. மேல போனா குளிருக்கு தாகமே எடுக்காது, தண்ணிக்குப் பதிலா நாலு டம்ளர் காபி, எல்லாத்துலயும் சர்க்கரை. கீழ இருக்கறவங்களுக்கு வேற மாதிரி, ஏப்ரல் மே மாசத்துல தறிப் பட்டறைலயோ செவ்வாப்பேட்டைப் பக்கம் வெள்ளி உருக்கற பட்டறைலயோ உக்காந்து பாருங்க, குடிக்கறது எல்லாம் வேர்வையாவே போயிடும். எத்தனை லிட்டர்னு நான் கணக்கு சொல்லல, ஒண்ணுக்கு அடர் மஞ்சளா போச்சுன்னா பத்தல, வெளிர் மஞ்சளா போச்சுன்னா சரி. கிட்னி, இதய பிரச்சனைக்கு தண்ணிய அளந்து குடிக்கச் சொல்லியிருந்தா மட்டும் அந்த அளவுதான், இதப் படிச்சுட்டு கூட்டிடாதீங்க.

அப்புறம் மூக்கு. ராத்திரி வாயாலயே மூச்சு விடறவங்களுக்கு தண்ணி எவ்வளவு குடிச்சாலும் நாக்கு வெளுக்கும். தலகாணி நனைஞ்சிருக்கா, எந்திரிக்கறப்ப வாய் பஞ்ச வச்சு அடைச்ச மாதிரி காஞ்சிருக்கா, வீட்டுல குறட்டைன்னு சண்டையா, அப்ப மூக்கடைப்ப கவனிக்கணும். மலைல இருக்கறவங்களுக்கு மழை, பனி சீசன்ல பாதி பேருக்கு மூக்கு அடைச்சே கெடக்கும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி மூக்கு சொட்டு மருந்து போடறது பழகிக்கலாம். ஆனா போட்ட உடனே மூக்க "சர்ர்ர்"னு தொறந்துவிடற மருந்து இருக்கு பாருங்க, அத நாலஞ்சு நாளைக்கு மேல தொடர்ந்து போட்டா அப்புறம் அது இல்லாம மூக்கே தொறக்காது. மாசக்கணக்குல அடைப்பு இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர்தான்.

மாத்திரைகளும் வாயக் காயவைக்கும். சளி, அலர்ஜிக்குப் போடற மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை சிலது, பிரஷருக்கு நீர் பிரியக் குடுக்கறது, இதெல்லாம். நீங்களா நிறுத்தவேண்டாம், குடுத்த டாக்டர்கிட்ட "வாய் காயுதுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, நேரத்த மாத்துவாங்க இல்ல மருந்த மாத்துவாங்க. பீடி சிகரெட் குடிக்கறவங்களுக்கு நூலும் நீளமாகும், அதுல கறையும் ஏறும், அவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு அவங்களுக்கே தெரியும். பல்லுல காரை புடிச்சு ஈறு வீங்கி இருந்தா பல் டாக்டர்கிட்ட ஒருக்கா க்ளீனிங் பண்ணாம நாக்கு மட்டும் சுத்தமாகாது.

வழிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு

லைன் வீட்டுல இருந்தவங்களுக்குத் தெரியும், காலைல ஆறு மணிக்கு கொழாயடில ஒவ்வொருத்தரா "ஓஓவ்வ்வ்"னு ஊரையே எழுப்புவாங்க. அவ்வளவு சத்தம் தேவையே இல்ல. எங்க பாட்டி தென்னை ஈர்க்க ரெண்டா பொளந்து வளைச்சு சத்தமே இல்லாம வழிச்சுட்டுப் போயிடும். இப்ப எவர்சில்வர் டங் கிளீனர் போதும், உருக்காலை இருக்கற ஊர்ல எவர்சில்வருக்கா பஞ்சம். செம்பு வேணும்னா செம்பு, புளி போட்டு தேய்ச்சு வச்சுக்கங்க. பிளாஸ்டிக்கு முனை பிசிறடிச்சா தூக்கிப் போட்டுருங்க.

நாக்க நல்லா வெளிய நீட்டி, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே பின்னாடி இருந்து முன்னாடி ஒரே இழுப்பு. மூச்சு விடறப்ப ஓங்கரிப்பு கம்மியா வரும். கழுவிட்டு மறுபடி. நாலஞ்சு இழுப்பு, காலைல ஒருக்கா, முடிஞ்சா ராத்திரி படுக்கப் போறப்ப ஒருக்கா. மொத நாளே தொண்டை வரைக்கும் போகணும்னு இல்ல, நடுவுல இருந்து ஆரம்பிச்சு வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போங்க. எரியுதுன்னா அழுத்தம் ஜாஸ்தி. வீட்டுல நாலு பேருக்கும் ஒரே கிளீனர் ஆணில தொங்கறது வேண்டாம், ஆளுக்கு ஒண்ணு.

வாய் கொப்பளிக்க ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை டீஸ்பூன் உப்பு, தாராளம். சமையல் சோடாவும் அதே அளவு போடலாம், முழுங்காம துப்பணும். நல்லெண்ணெய் கொப்பளிக்கறது கெடுதல் இல்ல, அதுவே எல்லாத்தையும் சரி பண்ணும்னு எதிர்பாக்காதீங்க. எலுமிச்சம்பழத்துல உப்பத் தொட்டு நாக்குல தேய்க்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், பல்லு எனாமல் அரிச்சுப் போகும், நாக்கும் புண்ணாகும். மஞ்சள் தேச்சா வெள்ளை நாக்கு மஞ்ச நாக்கு ஆகும், அவ்வளவுதான்.

தண்ணி, மூக்கு, வழிக்கறது, இது மூணயும் ஒழுங்கா 2 வாரம் பண்ணுங்க. பாதி பேருக்கு கதை இங்கயே முடிஞ்சுடும்.

வழிச்சா செவக்குது, எரியுதுன்னா

இங்கதான் என் கதை. எனக்கு வெள்ளை லேசா திட்டுத்திட்டா ஆரம்பிச்சுது, கன்னத்துக்கு உள்பக்கமும் இருந்துச்சு, ஸ்பூன் வச்சா கெட்டியா பிஞ்சு வரும், அடில செவப்பா ரணம், ரசம் சாப்ட்டாக்கூட கண்ணுல தண்ணி. எங்க அத்தை, அதாவது மாமியார், "உனக்கு வயிறு சுத்தமில்ல, ஒரு பேதிக்கு எடு"ன்னாங்க, எடுத்தேன், ஒரு நாள் பூரா பாத்ரூம்லயே இருந்தேன், நாக்கு அப்படியே இருந்துச்சு. மெடிக்கல் ஷாப்ல கேட்டேன், ஒரு மவுத்வாஷ் குடுத்தாங்க, குளோர்ஹெக்சிடின் போட்டது, நான் பாட்டுக்கு ஒன்றரை மாசம் கொப்பளிச்சேன், வெள்ளை நாக்கு பழுப்பு நாக்கா மாறி பல்லுலயும் கறை ஏறிடுச்சு. அது அந்த மருந்தோட குணம், நல்ல மருந்துதான், ஆனா டாக்டர் சொன்ன நாளைக்கு மட்டும் பாவிக்கணும், பொதுவா 2 வாரத்துக்கு மேல இழுக்கக் கூடாது.

கடைசில பல் டாக்டரம்மா ஒருத்தங்க ஒரு மரக்குச்சியால தொட்டுப் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டாங்க, "என்னென்ன மருந்து எடுக்கறீங்க?" நான் "ஒண்ணும் இல்லைங்க"ன்னேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். இன்ஹேலர் மருந்துன்னே என் மனசுல பதியல, அது மூச்சுக்கு, நாக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு. பேக தொறந்து மூக்குத் துணி எடுக்கறப்ப அது கீழ உருண்டு விழுந்துச்சு, அவங்க அதைப் பாத்துட்டு சிரிச்சாங்க. ஸ்டீராய்டு இருக்கற இன்ஹேலர இழுக்கறப்ப ஒரு பங்கு நாக்குலயும் தொண்டைலயும் படிஞ்சுடும், படிஞ்சது அந்த எடத்துல எதிர்ப்பு சக்திய கொறைக்கும், வாய்ல எப்பவும் சும்மா குடியிருக்கற கேண்டிடான்ற காளான் கிருமி அங்க ஆட்டம் போட ஆரம்பிச்சுடும். இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும்னு டப்பாவுக்குள்ள இருந்த சீட்டுலயே போட்டிருந்துச்சாம். சீட்ட நான் மொத நாளே கிழிச்சுப் போட்டுட்டேன்.

அதனால இன்ஹேலர் வச்சிருக்கறவங்க, இழுத்ததும் தொண்டை வரைக்கும் தண்ணி விட்டு கொப்பளிச்சு துப்புங்க, முழுங்காதீங்க. பல்லு விளக்கறதுக்கு முன்னாடி இழுக்கற மாதிரி நேரம் வச்சுக்கிட்டா மறக்காது, நான் இப்ப பிரஷ் ஸ்டாண்டுலயே அதையும் சொருகி வச்சிருக்கேன். ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குடுவை இருக்கு, அத மாட்டி இழுத்தா நாக்குல படியறது கொறையும், மருந்து நெஞ்சுக்கு நல்லாப் போகும். நாக்கு வெளுக்குதுன்னு இன்ஹேலர நிறுத்தறது மட்டும் பண்ணாதீங்க, நாக்கு வெள்ளையால யாரும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் கூப்டதில்ல.

இன்ஹேலர் இல்லாமயும் இந்தக் காளான் வரும். ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடிச்ச கையோட வரலாம். பல்செட் போட்டு அப்படியே தூங்கறவங்களுக்கு வரும், எங்க அத்தைக்கு மேல் அண்ணத்துல பல்செட் அச்சு மாதிரியே செவந்திருந்துச்சு (எனக்கு பேதி குடுத்தவங்க!), ராத்திரி கழட்டி பிரஷ் போட்டு தேச்சு தண்ணில போட்டு வைக்கணும். முக்கியமா சுகர். காரணமே தெரியாம காளான் வருது, போனாலும் திரும்ப வருதுன்னா சுகர் டெஸ்ட் கட்டாயம், வெறும் வயித்துல 126ஓ அதுக்கு மேலயோ, இல்ல மூணு மாச சராசரி டெஸ்ட்ல (HbA1c) 6.5ஓ அதுக்கு மேலயோ இருந்தா சுகர்னு சந்தேகப்பட்டு உறுதி பண்ணுவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாப்பாங்க. எதிர்ப்பு சக்திய கொறைக்கற மத்த காரணமும் உண்டு, கேன்சர் மருந்து, ஸ்டீராய்டு மாத்திரை, எச்ஐவி. கடைசியா சொன்னதுக்கு அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம் இருக்கு, டெஸ்ட் இலவசம், வெளிய சொல்லமாட்டாங்க, டாக்டர் பாக்கச் சொன்னா கூச்சப்படாம போயிட்டு வந்துருங்க.

மருந்து டாக்டர் குடுக்கறதுதான். எனக்கு க்ளோட்ரிமசோல்னு வாய்ல தடவற மருந்து குடுத்தாங்க, அஞ்சு நாள்ல வெள்ளை போயிடுச்சு, ஆனாலும் சொன்ன நாள் வரைக்கும் போடணும், பாதில விட்டா திரும்ப வரும். படைக்குப் போடற அதே பேரு க்ரீம் வீட்டுல இருக்குன்னு அத நாக்குல தடவாதீங்க. ஃப்ளூகோனசோல் மாத்திரை குடுத்தாங்கன்னா, சுகர் மாத்திரையோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ எடுக்கறவங்க அத அங்கயே சொல்லிடணும், அது சில மருந்தோட வேகத்த ஏத்திவிட்டுரும். சரியானதும் பிரஷ்ஷ மாத்திடுங்க.

எத்தன இழுத்தாலும் வரலன்னா

இத தள்ளிப்போடாதீங்க. வழிச்சா வராத வெள்ளைத் திட்டு, நாக்கு ஓரத்துலயோ அடிலயோ கன்னத்துக்குள்ளயோ, 2 வாரத்துக்கு மேல அப்படியே இருந்தா பல் டாக்டர் பாக்கணும். லூக்கோபிளேக்கியான்னு சொல்லுவாங்க, எல்லாம் கேன்சர் ஆகாது, கொஞ்சம் பேருக்குத்தான் ஆகும், ஆனா எது ஆகும்னு கண்ணால பாத்து சொல்லமுடியாது, சின்னதா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. கோலம் போட்ட மாதிரி வெள்ளை வரி வரியா இருந்தா லைக்கன் பிளானஸா இருக்கலாம், அதுவும் டாக்டர்தான் சொல்லணும். சில சமயம் ஒடைஞ்ச பல்லு முனை உரசி உரசியும் வெளுக்கும், பல்ல ராவிவிட்டா போயிடும்.

எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா அம்மாப்பேட்டைல தறி ஓட்டினவரு, முப்பது வருசமா இடது கன்னத்துல வெத்தல பாக்கு புகையிலை அடக்கி வச்சுத்தான் வேல செய்வாரு. ஒரு நாள் எல்லாரும் தட்டுவடை செட் வாங்கி அப்படியே முழுசா வாய்க்குள்ள தள்ளிக்கிட்டு இருந்தோம், அவரு மட்டும் நாலா ஒடச்சு, ஒவ்வொரு துண்டையும் பல்லுக்கு நடுவுல சொருகற மாதிரி சாப்ட்டாரு. காரச் சட்னி வேண்டாம்னு தனியா எடுத்து வச்சாரு. வயசாயிடுச்சு, பல்லு வலின்னு நாங்க நெனைச்சோம். வாய் தொறக்கவே முடியலைங்கறது ஒரு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. பாக்கு போடறதால கன்னத்துக்குள்ள சதை வெளுத்து, நார் மாதிரி இறுகி, வாய் தொறக்கறது கொறைஞ்சுக்கிட்டே வர்ற நோய் அது, இறுகினது முழுசா பழையபடி ஆகாது, கேன்சருக்கும் வழி வைக்கும். பாக்கு, பான் மசாலா, உதட்டுக்குள்ள அடக்கற பொட்டலம்னு எது போடறவங்களா இருந்தாலும் இப்பவே ஒண்ணு பண்ணிப் பாருங்க: உங்க கையில நடு மூணு வெரல சேத்து, செங்குத்தா வாய்க்குள்ள வைங்க. மூணும் போகணும். ரெண்டுதான் போகுதுன்னா நாளைக்கே போங்க.

ஆறாத புண்ணு, தொட்டா கெட்டியா கட்டி, தானா ரத்தம், முழுங்கினா வலி, காரணமில்லாம ஒரு பக்கம் காது வலி, கழுத்துல நெறி கட்டி, இதுல எது கூட இருந்தாலும் 2 வாரம்கூட காத்திருக்காதீங்க.

கறுப்பு, மேப்பு

நாக்கு கறுத்துப்போச்சுன்னு பயந்து ஓடி வர்றவங்க நெறைய. இரும்புச்சத்து டானிக்கு, பிஸ்மத் இருக்கற வயித்து மருந்து, நாள் பூரா கடுங்காப்பி, இதெல்லாம் நீளமான நூல்ல கறை ஏத்தும், முடி மொளைச்ச மாதிரியே தெரியும். வழிச்சு, காரணத்த நிறுத்தினா போயிடும். கர்ப்பிணிங்க இரும்பு மாத்திரைய இதுக்காக நிறுத்தக்கூடாது.

நாக்குல மேப் வரைஞ்ச மாதிரி செவப்புத் திட்டு, சுத்தி வெள்ளைக் கரை, ரெண்டு நாள் கழிச்சு திட்டு எடம் மாறியிருக்கும்னா அதுக்குப் பேரே மேப் நாக்குதான், ஒட்டாது, கேன்சர் இல்ல, மருந்தும் வேண்டாம். காரம் எரிஞ்சா கொஞ்ச நாள் கம்மி பண்ணுங்க.

வயிறுதான் காரணமா?

நம்ம ஊர்ல நாக்கு வெளுத்தா வயிறுன்னுதான் சொல்லுவாங்க. சித்த வைத்தியத்துல நோயப் பாக்கற எட்டு வழில நாவும் ஒண்ணு, நாடி, பரிசம், நிறம், மொழி, விழி, மலம், மூத்திரத்தோட சேத்துத்தான் பாப்பாங்க. நல்ல சித்த மருத்துவர் நாக்க மட்டும் பாத்துட்டு பேதிக்குக் குடுக்க மாட்டாரு. ஒடம்பு சரியில்லாம, சரியா சாப்டாம, மலச்சிக்கல்ல கெடக்கறப்ப நாக்கு வெளுக்கறது நெஜம், ஆனா பாதி நேரம் தண்ணி குடிக்காததுதான் ரெண்டுக்குமே காரணம். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் இருந்தா அதையும் பாத்துக்கங்க. காய்ச்சலோட வெள்ளை நாக்கு, அதுல செவப்பு புள்ளி புள்ளியா, தொண்டை வலி, ஒடம்புல தடிப்புன்னா, முக்கியமா கொழந்தைங்களுக்கு, அது வேற, அன்னைக்கே டாக்டர்.

கைக்கொழந்தை நாக்கு

பால் குடிச்ச வெள்ளை சுத்தமான ஈரத்துணியால தொடச்சா போயிடும். போகலன்னா, கன்னத்துலயும் உதட்டுலயும் இருந்தா, கொழந்தை பால் குடிக்க அழுதா காளான். அம்மாவுக்கு மார்க்காம்புல எரிச்சல் இருந்தா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மருந்து, ஒருத்தருக்கு மட்டும் போட்டா மாத்தி மாத்தி வந்துக்கிட்டே இருக்கும். பெரியவங்க தேன் தடவச் சொல்லுவாங்க, ஒரு வயசுக்குள்ள தேன் ஒரு சொட்டுக்கூட கூடாது, அதுல இருக்கற கிருமி விதை பச்சக் கொழந்தைக்கு நரம்பையே முடக்கற வெஷமாகும். போராக்ஸ் கிளிசரினும் வேண்டாம். பாட்டிகிட்ட சண்டை போடவேண்டாம், பாட்டில எடுத்து ஒளிச்சு வச்சுருங்க.

யார்கிட்ட போறது

நாக்குன்னா பல் டாக்டர்தான் மொதல்ல, பல்லு மட்டும்தான் பாப்பாங்கன்னு நெனைச்சுத்தான் நெறைய பேரு சுத்தறாங்க, நானும் சுத்துனேன். சேலத்துல ஜிஎச், அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அரியானூர்ல பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கு. மேல ஏற்காட்டுல இருக்கறவங்க மொதல்ல அங்க இருக்கற அரசு ஆஸ்பத்திரில காட்டிட்டு, எழுதிக் குடுத்தா கீழ வாங்க. போறப்ப எடுக்கற எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப் பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, இழுக்கறது, சொட்டு விடறது, டானிக்கு, லேகியம் எல்லாம். போன்ல எடுத்து வச்ச போட்டோவையும் காட்டுங்க.

ஆங், போற அன்னைக்கு காலைல மட்டும் நாக்க வழிக்காதீங்க. நான் மொத தடவை போனப்ப டாக்டர் மூஞ்சில நாத்தம் அடிக்கக்கூடாதுன்னு நல்லா வழிச்சு, மவுத்வாஷும் போட்டு கொப்பளிச்சுட்டுத்தான் போனேன். டோக்கன் வாங்கி ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்து, உள்ள போய் நாக்க நீட்டுனா, "ஒண்ணுமில்லையேம்மா, நல்லாத்தானே இருக்கு"ன்னு அனுப்பிட்டாங்க.